பச்சை முள்ளின் கரி

பானையின் அடியில் கருகி ஒட்டியிருந்த கஞ்சியில் ஈப்புழுக் கூடுகள் இருந்தன. நுண்நோக்கியின் கீழ் அவை கறுத்த நெல்மணிகளைப் போலத் தெரிந்தன. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். கஞ்சி இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுப் பழையது. இருந்தும் எனக்குக் குமட்டியது.

எங்கள் வேலையில் ஈப்புழுக் கூடு குப்பை. பின்னால் வந்து புகுந்தது என்று இடுக்கியால் எடுத்துத் தள்ளிவிடுவோம். எனக்கு முன்னால் இந்தப் பானைகளைப் பார்த்தவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். நான் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளேயும் கரி. கஞ்சியோடு வெந்து கஞ்சியோடு கருகியிருந்தது. அடுப்பில் ஏற்றும்போதே அது புழுத்த கஞ்சி. தெரிந்தே சூடாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பானையில் மட்டுமல்ல. கீழ் வரிசைக் குடிசைகளில் எல்லாப் பெரிய பானையிலும்.

பஞ்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பஞ்சத்தில் வாடுகிறவர்கள் ஒரு குழி நிறையத் தானியத்தைக் கொட்டி எரிப்பார்களா?

இந்த ஊருக்கு இப்போது செம்மணல்விளை என்று பெயர். தேரிக்காட்டின் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் சிவப்பு மணல். ஆடிக் காற்றில் மேடு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் ஏறும். பெய்கிற மழையை மணல் குடித்துவிடும். பனை நிற்கும், உடை என்கிற முள்மரம் நிற்கும். கடல் நடந்து போகும் தூரத்தில் இருந்தும் இது பாலைதான். மணலுக்கு அடியில் ஒரு பழைய குடியிருப்பு அகப்பட்டது. மேட்டில் ஒரு செங்கல் வீடு. கீழே குடிசை வரிசை. குடிசைகளை ஒட்டிச் சிப்பிக் குழிகள். அங்கே முத்துச் சிப்பியைக் கத்தியால் திறக்கவில்லை. குழியில் கொட்டி அழுகவிட்டிருக்கிறார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கூழான பிறகு கையை விட்டுத் துழாவி முத்தை எடுத்திருக்கிறார்கள். அந்த நாற்றத்தில் நிற்க ஆள் வேண்டும். குடிசை வரிசை அந்த ஆட்களுடையது.

எங்கள் நிறுவனத்துக்கு முத்தும் வேண்டாம், ஊரும் வேண்டாம். எரிந்த தானியக் குழி மட்டும் வேண்டும். அதிலிருந்த கருகிய மணிகளிலிருந்துதான் தேரிச்சாமை என்ற அழிந்துபோன தானியத்தைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள்.

அதைச் செய்தவர் டாக்டர் ஞானதிரவியம். எங்கள் தலைவர். கட்டையான மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் சீரக மிட்டாய். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி விளக்குவார். எனக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்று விளக்கினார்.

"கருகுன மணிக்குள்ள இருக்க மரபணுவ எரிஞ்சுபோன புஸ்தகம்னு வச்சுக்கோரும். பக்கத்துக்கு ஒரு வார்த்தைதான் மிச்சம். ஆனா சாமை, தினை, குதிரைவாலி எல்லாம் அதே கதைய வேற மாதிரிச் சொல்லுத புஸ்தகம். அதுகளப் பாத்து நடுவுல விட்டத மிஷின் எழுதிரும்."

"எழுதுனது சரிதான்னு எப்படி சார் தெரியும்?"

"மொளைச்சா சரி."

முளைத்தது. ஆயிரக்கணக்கான விதைகளில் ஒரே ஒரு விதை. அதன் பிள்ளைகள்தான் எங்கள் சோதனை வயலில் விளைந்தவை. தண்ணீர் விடாமல் தேரி மணலில் இடுப்புயரம் வளர்ந்தது. கஞ்சி பால் போல இருந்தது. அரசு ஒரு நிபந்தனை வைத்தது. உயிர்ப்பித்த எந்த உணவையும் மக்களுக்குக் கொடுக்கும் முன், பழைய மனிதர்கள் அதைத் தீங்கில்லாமல் உண்டார்கள் என்று தாவர எச்சங்களைப் படித்த ஒருவர் எழுதித் தர வேண்டும். அந்த ஒருவர் நான். கரியையும் கருகிய விதையையும் பார்ப்பது என் படிப்பு.

டாக்டர் என்னிடம் கேட்டது சிறிய விஷயம். தானியம் ஏன் எரிந்தது என்ற கேள்விக்கு ஒரு வரி. விபத்து. குதிர் தீப்பிடித்தது. உலகம் முழுவதும் கருகிய தானியம் கிடைத்தால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். அடுத்த வாரத்துக்குள் கொடுத்தால் விதைப்புக்கு முன்னால் அனுமதி வந்துவிடும். நகராட்சியோடு ஒப்பந்தம் தயார். துப்புரவுப் பணியாளர்களுக்கு இரண்டு வேளையும் தேரிச்சாமைக் கஞ்சி, இலவசம். சோதனை என்ற பெயரில் ஒரு பகுதிக்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஏன் அவர்களுக்கு என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை.

வடிவு இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

என் மனைவி. இதே நிறுவனத்தில் உணவு ஆய்வாளர். மூக்குக்காரி. பாலைக் காய்ச்சும் முன் முகர்வாள், காய்ச்சிய பின் முகர்வாள், காபி கலந்த பின் டம்ளரையும் முகர்வாள். நான் கடித்த பழத்தைக் கடிக்கமாட்டாள். ஓட்டலில் இலையைக் கழுவி, துடைத்து, பிறகும் ஒரு ஓரத்தில் சாப்பிடுவாள். கல்யாணமான புதிதில் இதற்காக நிறையச் சண்டை. தேரிச்சாமையை ருசி பார்க்கும் குழுவில் அவள் இருந்தாள். தினமும் ஒரு கிண்ணம். சில மாதங்களில் முகர்வதை விட்டாள். என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு நாள் காரின் பின்னிருக்கையில் மறந்துபோன டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். இறால் தொக்கு. சித்திரை வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ. நான் குளித்துவிட்டு வந்தபோது வீடு முழுவதும் பிண நாற்றம். டப்பா காலி. அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"நாறுதுன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது. சாப்பிட நல்லாத்தான இருந்துது" என்றாள்.

மருத்துவமனையில் உணவு நஞ்சு என்றார்கள். சிறுநீரகம் நின்றது. பிறகு எல்லாம் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. அன்று முதல் எனக்கு வருவது ஒன்றுதான், குமட்டல். சோற்றைப் பார்த்தால், ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் ஈரக் கையைப் பார்த்தால், என் சவரம் செய்யாத முகத்தைப் பார்த்தால். அவளுடைய கடைசித் தேரிச்சாமைப் பொட்டலம் சமையலறை அலமாரியில் பாதி காலியாக இருந்தது. அதைத் தொடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

கூடுகளை உடைத்துப் பார்த்த அன்று, "தெரிஞ்சுது" என்று அவள் சொன்னது காதில் கேட்டது.

செம்மணல்விளையில் மண்ணைக் கழுவுகிறவள் பேச்சித்தாய். குழி மண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்தால் கரி மிதக்கும். அதைத் துணியில் வடித்து, தட்டில் பரப்பி, நிழலில் காயவைப்பது அவள் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். பேசினால் குத்தும். என் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே திரும்புவதைப் பார்த்து, "சார் வீட்டுப் பூனை குடுத்து வச்சது" என்று ஒருமுறை சொன்னாள். அவள் கணவன் சங்கிலி நகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவாளன். சோதனைக் கஞ்சி குடிக்கிற பகுதி.

நான் பானைகளைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளாகத்தான் வந்து கேட்டாள், ஒருநாள் வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்க முடியுமா என்று. உடம்புக்கு என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றாள்.

"குடிய விட்டுட்டாவ. கை நீட்ட மாட்டாவ. சம்பளம் முழுசா வருது. மாமியா சாமிக்கு மொட்டை போட்டுட்டு வந்துட்டா. இத யார்ட்டப் போயி பிராதுன்னு சொல்ல? ஆனா எனக்கு அவுகளப் பாக்கப் பயமா இருக்கு சார்."

மறுநாள் மதியம் போனேன். நகரத்தின் தெற்கு ஓரம், ஒரே தெரு. பணியாளர் எல்லோரும் அந்த ஒரே தெருக்காரர்கள். ஏன் என்று யாரும் எழுதிக் கேட்பதில்லை.

சங்கிலி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். முழங்கால் வரை கறுப்பாகக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலி போட்டு, இதமாகச் சிரித்தான். பிறகு அப்படியே உட்கார்ந்து தட்டில் கையை வைத்தான். நகத்தில் இருந்தது சோற்றில் கரைந்தது. அவன் மகள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டேன். 

முன்பெல்லாம் தெருக்குழாயில் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவான் என்று பேச்சித்தாய் சொல்லியிருந்தாள். குடிக்காமல் சாக்கடையில் இறங்கமாட்டான். இறங்கவே முடியாது. அதற்காகத்தான் அந்தத் தெருவே குடித்தது.

மூக்கு மந்தமாகிவிட்டதா என்று அவனிடம் கேட்டேன்.

"இல்ல சார். மூக்கு நல்லா வேல செய்யிது. பீ நாறுதுன்னு தெரியும். மனசுதான் சும்மா இருக்கு" என்றான். அதைச் சொல்ல அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. "முன்ன ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பொழச்சேன் சார். இப்பம் சாணியில நடக்க மாடு மாதிரி போயிட்டு வாரேன்."

"குழிக்குள்ள அழுகின முட்டை நாத்தம் வந்தா?"

"அது விஷவாயு. வந்தா ஏறிரணும்பாங்க."

"வந்தா ஏறுவீங்கல்லா?"

அவன் யோசித்தான். "முந்தாநாள் வந்துது. இன்னும் ரெண்டு வாளிதான்னு அள்ளிட்டு ஏறுனேன். தலைய லேசாச் சுத்துச்சு. ஏறணும்னு தோணல சார்."

அப்போது போன் வந்தது. மேஸ்திரி. மறுமுனையின் குரல் அறை முழுவதும் கேட்டது. சாதிப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தது. அவன் அம்மாவைச் சொன்னது. சங்கிலி வாயில் சோற்றோடு, "வாரேன் மொதலாளி" என்றான். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. போனை வைத்துவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டான்.

தெருமுனை வரை என்னோடு வந்த பேச்சித்தாய், முன்பெல்லாம் போனை வைத்த பிறகு அந்த ஆளை ஒரு மணி நேரம் திட்டித் தீர்ப்பான் என்றாள். தட்டைத் தூக்கி எறிவான். ஒரு தடவை வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் வீட்டில் கிடந்தான். அவளுக்கு அந்த ஆளைத்தான் பழக்கம். போன வாரம் அவர்கள் பகுதியின் கழிவு உறிஞ்சும் லாரியை வேறு ஊருக்கு விற்றுவிட்டார்களாம். ஆட்களே முகம் சுளிக்காமல் இறங்கும்போது லாரிக்கு எதற்கு டீசல்.

"ஒரு நாள் அந்த நாத்தம் வரும். இவுக ஏற மாட்டாவ" என்றாள். "வாளிய எண்ணிட்டு இருப்பாவ."

அவனுக்குக் கஞ்சி கொடுக்காமல் தடுக்க முடியாதா என்று கேட்டேன். கஞ்சியை வேலை செய்யுமிடத்தில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். குடித்தால்தான் வருகைப் பதிவு. வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. வேலை செய்கிறவனுக்கு மட்டும்தான் என்றாள்.

வேலை செய்கிறவனுக்கு மட்டும். அது மனதில் தைத்துக்கொண்டது. தளத்துக்குத் திரும்பியதும் குடிசை வரிசையின் மாதிரிகளைத் திரும்ப எடுத்தேன்.

மேட்டு வீட்டு அடுப்புகளில் நெல், பாசிப்பயறு, புளியங்கொட்டை. தேரிச்சாமை ஒரு மணிகூட இல்லை. அவர்கள் அதைத் தொடவே இல்லை. குடிசைகளின் பெரிய பானைகளில் தேரிச்சாமையைத் தவிர வேறில்லை. இது முன்பே தெரிந்தது. நான் இதுவரை பார்க்காதது, ஒவ்வொரு குடிசையின் பின்புறமும் இருந்த இன்னொரு அடுப்பு. மூன்று கல், ஒரு சின்னப் பானை. பெரிதாக ஒன்றும் இராது என்று யாரும் அதன் மண்ணைக் கழுவவில்லை. பேச்சித்தாய் கழுவிக் கொடுத்தாள். புல்லரிசி, பனங்கிழங்குத் தோல், நாவல் கொட்டை. தேரிச்சாமை இல்லை. புழுக் கூடும் இல்லை. பானை உள்ளே மணல் போட்டுத் தேய்த்த கீறல்கள். குடிசை தோறும் யாரோ ஒருவர், சிப்பிக் குழிக்குப் போகாத மனைவியாக இருக்கும், அந்தக் கஞ்சி கொடுக்கப்படாதவர், தனக்கென்று கிடைத்ததைச் சமைத்து, பானையைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். பெரிய பானையில் புழு நெளிவதை நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு எரிந்த குழியின் கரி. கரித்துண்டைக் கையால் ஒடிக்க வேண்டும். ஒடித்த முகத்தில்தான் மரத்தின் முகம் தெரியும். குழியின் நடுவில் இருந்தவை காய்ந்த பனமட்டை, ஓலை. குழியின் விளிம்பு முழுக்க உடை முள். அந்த உடையில் நடுவிலிருந்து சுற்றுக்கு ஓடும் விரிசல்கள். காய்ந்த விறகு அப்படி வெடிக்காது. ஈரம் கொதித்து வெளியேறும்போதுதான் வெடிக்கும். பச்சையாக வெட்டிய முள். விரல் கனம், மணிக்கட்டுக் கனம். அதற்கு மேல் இல்லை. அரிவாளுக்கு அடங்கும் கிளைகள்.

இரண்டு நாள் அதையே பார்த்தேன். சுற்றிலும் காய்ந்த பனமட்டை கொட்டிக் கிடக்கும் இடத்தில் பச்சை முள்ளை யார் விறகாக வைப்பார்கள்? புகையும், எரியாது. நிழலுக்கு இருக்கிற ஒரே மரத்தை வெட்டி, கையைக் கிழித்துக்கொண்டு, எதற்கு?

மூன்றாம் நாள் காலை கரித் தட்டை எடுக்கக் குனிந்தபோது முள் உள்ளங்கையில் ஏறியது. வெள்ளை முள், விரல் நீளம். காயவைத்த தட்டுகளைச் சுற்றிப் பேச்சித்தாய் தினமும் உடைக் கிளைகளை வெட்டி வட்டமாகப் போடுவாள், ஆடு வந்து மிதிக்காமல் இருக்க. மாதக்கணக்கில் அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

எங்கள் படிப்பில் கரி என்றால் விறகு. அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், அப்படித்தான் எழுதுகிறோம். இது விறகு அல்ல. வேலி. தீயை வளர்க்க வைத்தது அல்ல, தீயை அணைக்க யாரும் கிட்ட வராமல் இருக்க வைத்தது. மேட்டு வீட்டுக்காரன் வரக்கூடாது. தங்கள் சோறு எரிகிறதே என்று கணவன் வரக்கூடாது. சின்னப் பானைக்காரிகள் அரிவாளோடு போய் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புழு, இரண்டு அடுப்பு, முள், சங்கிலி, வடிவு.  சீரக மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். தேரிச்சாமை பசியைப் போக்குவதோடு அருவருப்பையும் போக்குகிறது என்றேன். நாற்றத்தில் மட்டுமல்ல, அவமானத்திலும்.

"அதான்வே சரக்கே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தண்ணியில்லாம வெளையுத தானியம் ஊருக்குப் பத்து இருக்கு. நகராட்சி எதுக்கு நம்மள்ட்ட வருது? ஆஸ்பத்திரிப் பிணவறை கேக்கு. தோல் பட்டறை கேக்கு. வெளிநாட்டுலருந்து கேக்காங்க. நீரு உண்மையவே எழுதும். இன்னும் நல்லா விக்கும்."

"அவங்க சாவாங்க சார்."

"இப்பம் சாவலையா? குடிச்சுக் குடிச்சுச் சாவுதான். கூனிக் குறுகிச் சாவுதான். அவனுக்கு அருவருப்பைத் திருப்பிக் குடுத்து என்னவே செய்வீரு? மிஷின் வாங்கிக் குடுப்பீரா? உம்ம வீட்டு செப்டிக் டேங்க்குக்கு யாரக் கூப்புடுவீரு?"

அந்தத் தெருவிலிருந்துதான் கூப்பிடுவேன். 

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உம்ம வீட்டுக்காரி போன பொறவுதான் கோத்துப் பாத்தேன். அதுவரைக்கும் எனக்கும் வெறும் தானியந்தான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், அக்கறையோடுதான் சொன்னார்: "நீரும் ஒரு கிண்ணம் குடிச்சுப் பாரும் பால்வண்ணன். இப்படிச் சோத்தப் பாத்து வாந்தி எடுத்துட்டு எத்தன நாள் கெடப்பீரு? எல்லாம் அடங்கிரும்."

அவர் வாயில் மிட்டாய் உருளும் சத்தம் கேட்டது. என் மனைவியின் சாவிலிருந்து இவர் தன் சரக்கைக் கண்டுபிடித்திருக்கிறார்.

வீட்டுக்குப் போய் உண்மையான அறிக்கையை எழுதிப் பார்த்தேன். விளம்பரம் போல இருந்தது. பொய்யை எழுதினாலும் அனுமதி கிடைக்கும். எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார். விபத்து என்ற ஒரு சொல்லுக்கு ஆளா கிடைக்காது?

மறுநாள் மண் கழுவும் இடத்தில் உட்கார்ந்து பேச்சித்தாயிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குப் பாதிதான் தெரிய வேண்டும் என்று நினைக்காமல் முழுவதையும் சொன்னேன். அவள் தொட்டியில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே கேட்டாள். சின்னப் பானையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கை நின்றது. அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்த எரிப்புக்கு மேலே இருந்த மண்ணில் பெரிய பானைகளில் புல்லரிசி இருக்கிறது. சிப்பிக் குழிகளில் புதுச் சிப்பி இல்லை. அவ்வளவுதான் தெரியும்.

"வெதை மொத்தமும் அந்தக் கொட்டகையிலதான இருக்கு?" என்றாள்.

கொட்டகை எங்கள் தளத்தின் மேற்கு ஓரத்தில் தகரம் போட்டது. அறுவடை முழுவதும் அதில்தான், கஞ்சிக்குப் போவதும் அங்கிருந்துதான். ஒரே செடியின் வம்சம். அது போனால் மிஷின் மறுபடி எழுத வேண்டும். மறுபடி ஒன்று முளைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன்.

அவள் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் கலக்கத் தொடங்கினாள். 

அடுத்த நாள் காலை வடிவின் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகைக்கு வெளியே இருந்த கடைசிச் சாமை அது. முதல் தடவையாகத் தொட்டேன். வாயைக் கட்டியிருந்த ரப்பர் அவளுடைய தலைமுடி ரப்பர். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பேச்சித்தாயின் தட்டின் மேல் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று அவள் வழக்கத்தைவிட அதிகமாக முள் வெட்டினாள். தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். காவலாளி எதற்கு இவ்வளவு என்றதற்கு, ஒருத்தி, ஆடு பெருத்துப்போச்சு அண்ணாச்சி, உங்களையே மேஞ்சிரும் என்றாள். அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

உச்சி வெயிலில் புகை எழுந்தது. முதலில் ஓலைப் புகை, மெலிதாக. பிறகு பச்சை முள்ளின் வெள்ளைப் புகை, கொட்டகையைச் சுற்றி வட்டமாக. தகரம் வெடிக்கும் சத்தம். தீயணைப்பு வண்டி தேரி மணலில் புதைந்து நின்றது. ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முள்ளின் முன் நின்றார்கள். தள்ளிக்கொண்டு போக முடியாதபடி ஆள் உயரத்துக்கு எரியும் முள். டாக்டர் வெள்ளைச் சட்டையோடு அங்குமிங்கும் ஓடினார். சோதனைக் கஞ்சி குடித்த ஆட்கள் சிலரை யாரோ உதவிக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலியும் நின்றான். கரியும் கீறலுமாக இருந்த மனைவியின் கைகளைப் பார்த்தான். கொட்டகையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

கருகும் சாமையின் வாசனை நன்றாகத்தான் இருந்தது. பால் காய்வது போல.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூர்க்காரர். சாம்பலைச் சுற்றி நடந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க கரி பாக்குறவராமே. சொல்லுங்க. இது எப்படிப் பிடிச்சிருக்கும்?"

ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன். இன்னும் சூடாக இருந்தது. கைக்கண்ணாடியில் பார்த்தேன். நடுவிலிருந்து சுற்றுக்கு விரிசல்கள். பச்சை. விரல் கனம். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

"விபத்து" என்றேன்.

"சுத்தி எதுக்கு இவ்ளோ பச்ச முள்ளு?"

"ஆடு வராம இருக்க. இங்க எல்லாத்துக்கும் போடுவாங்க."

அவர் காயும் தட்டுகளைப் பார்த்தார். அவற்றைச் சுற்றியும் முள் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவருக்குப் பின்னால் டாக்டர் நின்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையை வடிவு போன பிறகு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. உதடு ஒரு பக்கமாகக் கோணி, மூக்கு சுருங்கி, புழுவைப் பார்ப்பது போல. அவர் கஞ்சி குடித்ததே இல்லை.

பேச்சித்தாய் சில நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது தொட்டியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். சங்கிலி நேற்று மூடியைத் திறந்ததும் ஓரத்தில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருக்கிறான். இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மேஸ்திரியை என்னவோ பேசிவிட்டானாம். வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து குழாயடியில் வெகுநேரம் குளித்திருக்கிறான். ராத்திரி குடித்துவிட்டு வந்து அழுதிருக்கிறான்.

"இனி என்ன செய்வீங்க அக்கா?" என்றேன்.

"தெரியல சார்" என்றாள். "மாமியா மூஞ்சியக் குடுத்துப் பேச மாட்டேங்கா." தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, "பிள்ளை அவுக பக்கத்துல உக்காந்து சாப்புட்டா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்தேன். வைக்கும் முன் முகர்ந்து பார்த்தேன். திரிந்திருந்தது. கொட்டிவிட்டுப் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினேன்.